கண்டக்டர் அண்ணாச்சியின் நீண்ட ஜெபம்

எங்கள் சபையில் ஒரு மனிதரைக் கோயிலுக்கு வரவிடாமல் செய்தவன் நான். அடித்து மிரட்டிச் செய்யும் அளவுக்கு எனக்கு உடம்பு வாய்க்கவில்லை. கட்டுரை எழுதிச் செய்தேன். இரண்டு பக்கக் கட்டுரை. நகைச்சுவை.

சங்கரன்கோவிலில் கோயில் என்றால் ஊருக்குத் தெரிந்தது கோபுரம் உள்ள ஒன்றுதான். ஆட்டோவில் ஏறி 'கோயிலுக்குப் போங்க' என்றால் அங்கேதான் கொண்டுபோய் இறக்குவார்கள். நாங்கள் எங்களுக்குள் கோயில் என்று சொல்லிக்கொள்வது விசைத்தறி ஓடும் தெருக்களைத் தாண்டி இருக்கிற ஓட்டுக் கட்டடத்தை. அறுபது குடும்பம் இருக்கும். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பக்கத்துத் தறிக்கூடம் ஞாயிற்றுக்கிழமையும் ஓடினால் எங்கள் பாட்டுக்குத் தாளம் இலவசம்.

ஆராதனையின் நடுவே சபையில் மூத்தவர் ஒருவர் எழுந்து எல்லாருக்காகவும் வேண்டிக்கொள்வது எங்கள் வழக்கம். பதினைந்து வருடமாக அந்த வேலை கண்டக்டர் அண்ணாச்சியிடம் இருந்தது. திருவேங்கடம் போகும் டவுன் பஸ்ஸில் பாதி ஆயுளைக் கழித்து ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்து வெகுகாலம். மகன் திருப்பூரில். ஆள் ஒல்லி, குரல் மட்டும் கடைசி சீட்டு வரை போகும்.

அவருடைய ஜெபம் முன்பெஞ்சில் தொடங்கும். "எங்க பெரியம்மைக்குக் கண்ணுல புரை எடுத்திருக்கு ஆண்டவரே, பாட்டுப் புஸ்தகத்துல எழுத்து தெரியணும்" என்று ஒன்று. ஒரு பெண்ணின் நர்சிங் பரீட்சை அடுத்தது. பிறகு இளையரசனேந்தல் பக்கம் யாருடைய வயலிலோ மழைக்குக் காத்து நிற்கும் பருத்தி, வாசுதேவநல்லூருக்கு மாற்றலாகிப் போய் தினமும் இரண்டு பஸ் மாறும் டீச்சர், மருமகளோடு பேச்சுவார்த்தை இல்லாத ஒரு தாயார் (அந்த மருமகளும் அதே கோயிலில்தான் இருப்பாள்). எல்லாரையும் பெயர் சொல்லி. ஒரு ஞாயிறு இருபத்திரண்டு நிமிடம் போனது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், எல்லாரும் கண்ணை மூடியிருக்கும்போது நான் கண்ணைத் திறந்து கைக்கடிகாரத்தைப் பார்ப்பவன். என் பக்தி அந்த வகை.

கோயில் கட்டிய நாளைக் கொண்டாடும் பிரதிஷ்டைப் பண்டிகைக்குச் சிறப்பு மலர் அச்சிட்டார்கள். போதகர் என்னிடம் கட்டுரை கேட்டார். நான் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துபவன். சிறு பத்திரிகைகளில் சிரிப்பாக எதையாவது எழுதுவேன். நிறையப் படிப்பேன். இந்த மூன்றும் சேர்ந்தால் ஒருவனுக்குத் தன்னைப் பற்றி என்ன தோன்றுமோ அது எனக்கும் தோன்றியிருந்தது. 'பரலோகம் போகும் டவுன் பஸ்' என்று எழுதிக் கொடுத்தேன். பெயர் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. அந்த பஸ் எல்லா நிறுத்தத்திலும் நிற்கிறது, கைகாட்டாதவரையும் இறங்கி வந்து ஏற்றிக்கொள்கிறது, பருத்தி மூட்டையையும் ஏற்றுகிறது. பரலோக வாசலை அடையும்போது பயணிகள் அனைவரும் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள், வாசலில் நிற்கும் தேவதூதனும் கொட்டாவி விடுகிறான்.

பண்டிகை விருந்துப் பந்தியில் அதை ஒருவர் உரக்க வாசித்தார். இலையில் சாதம் காயக் காயச் சிரித்தார்கள். அண்ணாச்சியும் அந்தப் பந்தியில்தான் இருந்தார். அவரும் சிரித்தார். சிரித்துவிட்டு, "நல்லா எழுதிருக்கேரு வே" என்று சொல்லிக் கைகழுவப் போனார். மோர் வாங்கவில்லை. அதை நான் கவனித்தேன், அர்த்தம் பண்ணிக்கொள்ளவில்லை.

அடுத்த ஞாயிறு நான்கு நிமிடத்தில் ஜெபத்தை முடித்தார். அதற்கடுத்த வாரம் தொண்டை சரியில்லை என்றார். மூன்றாவது வாரம் வரவில்லை. பிறகு வரவே இல்லை.

ஆரம்பத்தில் எனக்குப் பாராட்டு குவிந்தது. "ஒங்க புண்ணியத்துல பத்து மணிக்கே வீட்டுக்குப் போயி கறிக்கு அரைக்கோம் சார்" என்றார் ஒரு அம்மா. அண்ணாச்சியின் இடத்தில் என்னையே போட்டார்கள். நான் அச்சடித்த தாளை வைத்து வாசித்தேன். 'நோயாளிகள் யாவரையும், துக்கப்படுகிறவர்கள் யாவரையும், பிரயாணம் செய்கிறவர்கள் யாவரையும் கண்ணோக்கியருளும்.' இரண்டு நிமிடம். சில்லறை வியாபாரத்தை மூடிவிட்டு மொத்த வியாபாரம் தொடங்கியிருந்தோம்.

அந்த மாதங்களில்தான் கடைசிப் பெஞ்சில் உட்காரும் ஒரு விதவைத் தாயார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். தனி ஆள். பால் ஊற்றுகிறவர் பார்த்து, தெருக்காரர்கள் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். எங்களுக்குத் தெரிந்தது மூன்று ஞாயிறு கழித்து. அந்த மூன்று ஞாயிறும் நான் 'நோயாளிகள் யாவரையும்' என்பதை நல்ல உச்சரிப்போடு வாசித்திருக்கிறேன். அவர் வீடு திரும்பவில்லை. அடக்கத்துக்கு எல்லாரும் போனோம். அதற்கு நாங்கள் தவறுவதில்லை.

இதெல்லாம் என்னை உலுக்கியது என்று எழுத ஆசைதான். உலுக்கவில்லை. வருத்தப்பட்டேன், மறுநாள் பள்ளிக்கூடம் போனேன்.

பிறகு என் மனைவிக்கு வயிற்றில் கட்டி என்றார்கள்.

திருநெல்வேலியில் ஸ்கேன் எடுத்தோம். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "தொறந்து பாத்தாத்தான் தெரியும்" என்றார். வரும் புதன்கிழமை அறுவை. வீட்டுக்கு வந்து முகம் கழுவிவிட்டு, துண்டால் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"கண்டக்டர் அண்ணாச்சியக் கூட்டிட்டு வாங்க."

"எதுக்கு?"

"இந்த ஞாயித்துக்கெழம கோயில்ல என் பேரச் சொல்லி ஜெபம் பண்ணணும்."

"நான்தானட்டி இப்ப ஜெபம் பண்ணுதேன்."

"நீங்க வாசிக்கீங்க."

நான் வாயை மூடியிருக்கலாம். மூடிப் பழக்கமில்லை. "நோயாளிகள் யாவரையும்னு வாசிக்கேன்லா, அதுல நீயும் உண்டு" என்றேன்.

"அதுல நான் எங்கன இருக்கேன்? காட்டுங்க பாப்போம்."

"சரி, அவர வீட்டுக்கு வரச்சொல்லுதேன். இங்கன வச்சு ஜெபம் பண்ணட்டும். கடவுள் எல்லா எடத்துலயும் இருக்காருல்லா. கொரோனாவுல போன்ல ஆராதனை பாத்தோமே, என்ன கொறஞ்சி போச்சு?"

கொரோனாவில் நான் ஆராதனை பார்த்த லட்சணம் அவளுக்குத் தெரியும். கட்டிலில் சாய்ந்து காபி குடித்துக்கொண்டு, பிரசங்கம் வரும்போது விரலால் தள்ளித் தள்ளி ஓட்டி ஆசீர்வாதத்துக்குப் போய்விடுவேன்.

"எனக்குப் பயமா இருக்குங்க" என்றாள். "கடவுளுக்கு நான் சொல்லிட்டேன். அவருக்குத் தெரியும். நான் இப்ப மனுசங்களுக்குச் சொல்லணும். நானா எந்திச்சி நின்னு சொல்ல எனக்கு வாய் வராது. அண்ணாச்சி சொல்லுவாவ. சபையில எல்லாரும் ஆமென்னு சொல்லணும், அது என் காதுல விழணும். அப்புறம் நான் புதன்கெழம போயி படுத்துக்கிடுவேன்."

இருபத்தாறு வருடத்தில் அவள் என்னிடம் கேட்டவை குறைவு. கேட்டவற்றில் என்னால் முடியாதது இது ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தேன்.

அண்ணாச்சியின் வீடு ரயில் தண்டவாளத்துக்குப் பக்கம். சனிக்கிழமை சாயங்காலம். வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நோயாளியைப் பார்க்கப் போகிறவன் மாதிரி நான் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிப் போயிருந்தேன். கொடுக்கும்போதுதான் அந்தப் பொருத்தமின்மை உறைத்தது.

"வாங்க சார்" என்றார். எப்போதும் என்னை உரிமையோடு 'வே' என்பவர்.

"அண்ணாச்சி, அந்தக் கட்டுரை..."

"நல்லா இருந்துது சார். மகன் ஊருக்கு வந்தப்ப வாசிச்சுக் காட்டினான். ரொம்பச் சிரிச்சான்."

ஒரு கீரைத் தண்டை எடுத்தார். பழுத்த இலையைக் கிள்ளிப் போட்டார். எனக்குத் தெரிந்த மன்னிப்பு வாக்கியங்கள் எல்லாம் படித்த வாக்கியங்கள். அவற்றில் ஒன்றை எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். அவர் பாதியில் நிறுத்தினார்.

"அதெல்லாம் வேண்டாம் சார். நீங்க எழுதுனதுல பொய் ஒண்ணும் இல்ல. டவுன் பஸ்ஸுதான். எல்லா ஸ்டாப்புலயும் நிக்கத்தான் செய்வேன். ஒண்ணு மட்டும் ஒங்களுக்குத் தெரியாது. நான் கண்ணத் தொறந்துக்கிட்டுத்தான் ஜெபம் பண்ணுவேன்."

"அப்படியா?"

"கண்டக்டர் புத்தி. ஒவ்வொரு பெஞ்சாப் பாத்துக்கிட்டே போவேன். யாரு இருக்கா, யாரு இல்ல, யாரு மூஞ்சி வாடிருக்கு, யாரு தள்ளித் தள்ளி உக்காந்திருக்கா. அப்பதான் என்ன சொல்லணும்னு வாயில வரும். எல்லாரும் ஏறியாச்சான்னு பாக்காம விசில் குடுக்க முடியுமா சார்? ஏற ஓடி வாரவன் சக்கரத்துல விழுந்துருவாம்லா."

பிறகு கீரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அஞ்சு மாசமா வீட்டுல முழங்கால் போடுதேன். ஒரு மூஞ்சியும் வரமாட்டேங்கு. செவுத்தப் பாத்துக்கிட்டு என்னத்தச் சொல்ல? 'எனக்கு, எனக்கு'ன்னுதான் வருது. வயசான காலத்துல எனக்கு என்ன வேணும்? ரெண்டு நிமிசத்துல எந்திச்சிருதேன்."

பதினைந்து வருடம் அந்தக் கோயிலில் ஜெப நேரத்தில் கண்ணைத் திறந்து வைத்திருந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர். அவர் ஆட்களைப் பார்த்திருக்கிறார். நான் கடிகார முள்ளைப் பார்த்திருக்கிறேன். ஒருதடவைகூட எங்கள் கண்கள் சந்திக்காமல் போனது எப்படி என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. ஒருவேளை அவர் என்னைப் பார்த்திருக்கலாம். பார்த்தும் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

வந்த விஷயத்தைச் சொன்னேன். கட்டி, ஸ்கேன், புதன்கிழமை, அவள் கேட்டது. அவர் கீரையை ஓரமாக வைத்தார்.

"ஆறாவது வரிசையிலதான உக்காருவா?"

"இப்ப நாலாவது, அண்ணாச்சி. ரொம்ப நேரம் நிக்க முடியலன்னு விசிறிக்குப் பக்கத்துல வந்துட்டா."

"எப்ப மாறுனா?"

எனக்குத் தெரியவில்லை. "ரெண்டு மாசம் இருக்கும்" என்று உத்தேசமாகச் சொன்னேன்.

"ரெண்டு மாசம்" என்றார். வருகிறேன் என்று சொல்லவில்லை. வாழைப்பழத்தில் இரண்டைப் பிய்த்து வைத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தார். "தங்கச்சிக்குக் குடுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், விசில் உட்பட. "வருவாவளா?" என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். நல்ல சேலையை எடுத்து வெளியே வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பாட்டுக்கு அவர் இல்லை. வேதபாடம் வாசிக்கும்போது இல்லை. பெண்கள் பக்கம் நாலாவது வரிசையில் அவள் கழுத்து இரண்டு முறை வாசல் பக்கம் திரும்பியது. மூன்றாவது முறை திரும்பவில்லை. நான் தாளை எடுத்துக்கொண்டு எழுந்தபோது பின்பக்கம் செருப்பு கழற்றும் சத்தம் கேட்டது. அண்ணாச்சி கடைசிப் பெஞ்சில், இடுப்பு உடைந்து இறந்துபோன அந்தத் தாயாரின் வரிசைக்கு எதிர்ப்பக்கம் வந்து உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டை. சவரம் செய்த முகத்தில் ஒரு கீறல்.

நான் போதகரைப் பார்த்தேன். பிறகு தாளை மடித்தேன். "அண்ணாச்சி பண்ணுவாவ" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அச்சில்லாமல் நான் அந்தக் கோயிலில் பேசிய முதல் வாக்கியம் அது.

அவர் எழுந்து நின்றார். எல்லாரும் கண்ணை மூடினார்கள். நான் திறந்து வைத்திருந்தேன், அவர் மூடியிருந்தார். இறுக்கமாக.

"பரலோகப் பிதாவே. இந்தச் சபையில இருக்க எல்லாரையும் ஆசீர்வதியும். எல்லாருக்கும் வேண்டியது ஒமக்குத் தெரியும். ஆமென்."

உட்கார்ந்துவிட்டார்.

அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. அஞ்சு மாதம் முன்னால் நான் கேட்டது இதைத்தான். சபை ஆமென் சொல்ல மறந்து உட்கார்ந்திருந்தது. போதகர் அடுத்த பாட்டின் எண்ணைச் சொல்ல வாயெடுத்தார்.

பெண்கள் பக்கம் ஒரு பெஞ்சு கிறீச்சிட்டது. என் மனைவி எழுந்து நின்றாள். முன்பெஞ்சின் முதுகை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அவள் பின்னால் திரும்பவில்லை, பலிபீடத்தைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அண்ணாச்சி, நாங்க இன்னும் ஏறல."

யாரோ 'கொக்' என்று சிரித்து உடனே நிறுத்தினார்கள். என் கட்டுரையைச் சபையில் வாசிக்காதவர் இல்லை. ஆகவே அது எல்லாருக்கும் புரிந்தது. அவள் உட்காரவில்லை. அண்ணாச்சி மெல்ல எழுந்தார். கடைசிப் பெஞ்சிலிருந்து நடுப்பாதை வழியாக முன்னால் வந்து, எங்களைப் பார்த்துத் திரும்பி நின்றார். கண்ணைத் திறந்துகொண்டார். இந்தத் தடவை நிறையப் பேர் கண்ணை மூடவில்லை.

முன்பெஞ்சிலிருந்து தொடங்கினார். குரல் முதலில் பழைய மாதிரி எழும்பவில்லை. அஞ்சு மாதத்தில் எத்தனையோ மாறியிருந்தது. தெரியாததை ஆளைப் பார்த்தே கேட்டார். "ஏம்மா, இளைச்சிப் போயிருக்க, என்ன?" என்று ஜெபத்துக்கு நடுவிலேயே கேட்டு, "சுகருண்ணாச்சி" என்று பதில் வந்ததும் அதையும் சேர்த்துக்கொண்டார். கடைசிப் பெஞ்சில் காலியாக இருந்த அந்தத் தாயாரின் இடத்துக்கு வந்தார். "நான் இருந்திருந்தா கேட்டிருப்பேன் ஆண்டவரே. என்னையும் மன்னியும்" என்றார். என்னையும் என்றதில் மீதி யார் என்று அவர் சொல்லவில்லை.

ஆண்கள் பக்கம் என் வரிசைக்கு வந்தார். "இங்கன ஒரு எழுத்தாளத் தம்பி இருக்கான். அவனுக்கு நீர் குடுத்த நாக்க அவனே கடிச்சிக்கிட்டான். அது ஆறட்டும். அவன் பொண்டாட்டிக்காக ராத்திரி தூங்காம கெடக்கான், வெளிய சொல்லமாட்டான்." அது உண்மை. நான் யாரிடமும் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்.

கடைசியாக அவள் பெயரைச் சொன்னார். வயிற்றில் கட்டி என்று சொன்னார். புதன்கிழமை என்று சொன்னார். சுகமாக்கும் என்று கட்டளை மாதிரி முழங்குவார் என்று நான் பயந்திருந்தேன். "அவளுக்குப் பயமா இருக்கு ஆண்டவரே. எங்களுக்கும் பயமா இருக்கு" என்றார். அவ்வளவுதான். ஆமென் வந்தது. அறுபது குடும்பத்தின் ஆமென் தறிச் சத்தத்தை ஒரு கணம் முழுங்கிவிட்டது. அவள் அப்போதுதான் உட்கார்ந்தாள்.

புதன்கிழமை திறந்தார்கள். எடுக்கிற கட்டம் தாண்டிவிட்டது என்று அப்படியே தைத்து மூடினார்கள். டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே என்னிடம் சொன்னார். ஒரு கையுறை சரியாகக் கழலவில்லை, அவர் அதை உதறிக்கொண்டிருந்ததைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் சில மாதம் என்றார். ஜெபம் கேட்கப்பட்டதா இல்லையா என்று என்னைக் கேட்பவர்கள் உண்டு. அவள் கேட்டது ஆமென் காதில் விழவேண்டும் என்பது. அது விழுந்தது. மற்றதைப் பற்றிப் பேச எனக்குத் தெரியாது. படித்த புத்தகங்களில் தேடிப் பார்த்தேன்; அவற்றை எழுதியவர்களுக்கும் தெரிந்ததாகத் தெரியவில்லை.

வீட்டில் படுத்திருந்தபடி போனில் ஆராதனை பார்க்கலாமே என்று இந்தத் தடவை நான் சொல்லவில்லை. அவள் போகவேண்டும் என்றாள். ஆட்டோவில் கொண்டுபோவேன். கடைசியில் அவளால் தனியாக உட்கார முடியாமல் போனது. பிடிக்காவிட்டால் பக்கவாட்டில் சரிந்துவிடுவாள். பெண்கள் பக்கம் ஆண்கள் உட்காருவது எங்கள் கோயிலில் இல்லை. நான் அவளைத் தாங்கிப் பிடித்தபடி நாலாவது வரிசைக்கு முன்னால் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றேன். அந்த வரிசை முழுவதும் ஓர் இடம் தள்ளி உட்கார்ந்தது.

அவளை நடுவில் வைத்து நான் ஒரு பக்கம் உட்கார்ந்தேன். மறுபக்கம் இருந்த அம்மாவோடு இத்தனை வருடத்தில் நான் பேசியது ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்துக்கு மேல் இராது. வேதபாடம் பாதி வாசிப்பதற்குள் என் தோள் மரத்துவிட்டது. என் ஒருவனால் அவளை நிமிர்த்தி வைத்திருக்க முடியாது என்று தெரிந்தது. அந்த அம்மா என் பக்கம் திரும்பாமலே நெருங்கி உட்கார்ந்து தன் தோளைக் கொடுத்தார். பாட்டுக்குச் சபை முழுவதும் எழுந்து நின்றது. அந்த அம்மா எழவில்லை. எழுந்தால் அவள் விழுந்துவிடுவாள். உட்கார்ந்தபடியே, புத்தகம் பார்க்காமல், அத்தனை சரணத்தையும் பாடினார்.